சனிக்கிழமை மத்ரீனா

நெல்வா அந்தப் பின்னலைக் குப்பையில்தான் போட்டாள். பழைய செய்தித்தாளில் சுற்றி, பேன் எதுவும் வெளியே வந்துவிடாதபடி இரண்டு முடிச்சுப் போட்டு, மையத்தின் பின்பக்கம் இருந்த தகர டப்பாவில் போட்டாள். சாயங்காலம் காவலாளி மற்றக் குப்பையோடு சேர்த்து அதையும் கொளுத்திவிட்டார். அதோடு அந்தச் சங்கதி முடிந்தது என்று நெல்வா நினைத்தாள். மகராசி, எல்லாவற்றையும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கொச்சபம்பா நகரத்தின் தெற்கு மேடுகளில், லாரி வந்தால்தான் தண்ணீர் என்கிற பகுதியில், ஒரு மாதாகோயில் கூடத்தில் அந்த மையம் நடந்தது. சனிக்கிழமை தோறும் நகரத்திலிருந்து ஆண்களும் பெண்களும் ஏறி வருவார்கள். ஆளுக்கு ஒரு பிள்ளை. இரண்டு மணி நேரம் கூட உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும், பேச வேண்டும், பிள்ளை சொல்வதைக் கேட்க வேண்டும். சம்பளம் கிடையாது. நெல்வாவுக்கு நாற்பத்தொரு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடிச் சில் தேய்க்கும் வேலை. பிள்ளை இல்லை. அவளுக்குக் கிடைத்தவள் லிஸ்பெத், ஒன்பது வயது.

பள்ளிக்கூடத்தில் லிஸ்பெத்துக்கு மக்கு என்று பெயர். நெல்வாவுக்கு இரண்டாவது சனிக்கிழமையே விஷயம் பிடிபட்டுவிட்டது. பிள்ளைக்குக் கணக்கு வராமல் இல்லை, கரும்பலகை தெரியவில்லை. மறுவாரம் அளவெடுத்து, தன் கையாலேயே சில் தேய்த்து, கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். லிஸ்பெத் எழுந்துபோய் வாசலில் நின்று வெகு நேரம் எதிர் மேட்டைப் பார்த்தாள்.

"அங்க நாய் இருக்கு," என்றாள்.

"எப்பவும் இருக்குற நாய்தான்," என்றாள் நெல்வா.

"எனக்கு இன்னைக்குத்தான் இருக்கு."

அன்று பேருந்தில் இறங்கிப் போகும்போது நெல்வா அழுதாள். சந்தோஷத்தில் வந்த அழுகைதான். அவள் செய்ததில் இந்த ஒன்றை யாரும் குறை சொல்ல முடியாது.

பின்னல் கதை அதற்கு இரண்டு மாதம் கழித்து வந்தது. மையத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். மையத்தை நடத்திய ஓல்கா கண்டிப்பானவள். பேன் உள்ள பிள்ளைகள் வீட்டுக்குப் போகலாம், தலை சுத்தமான பிறகு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டாள். லிஸ்பெத்துக்குத் திங்கட்கிழமை பின்னக் கணக்குப் பரீட்சை. அவளை அனுப்ப நெல்வாவுக்கு மனம் வரவில்லை. கத்தரிக்கோல் எடுத்தாள். பின்பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, இடுப்பு வரை தொங்கிய பின்னலைக் கழுத்தோடு கத்தரித்தாள். நுனியில் ஏதோ ஒரு நிறத்தில் கம்பளி நூல் கட்டியிருந்தது. பிள்ளை கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். கண்ணில் நீர் நின்றது. பேன் வந்த வெட்கம் என்று நெல்வா நினைத்தாள்.

"அப்போ நீங்கதானா?" என்று லிஸ்பெத் கேட்டாள்.

"என்ன நான்தானா?"

"ஒண்ணுமில்ல."

எங்கள் ஊரில் குழந்தையின் முதல் முடியைக் கண்டவர் வெட்டிவிட முடியாது. தகுந்த ஆள் ஒருவரைப் பார்த்து, வீடு தேடிப் போய்க் கேட்டு, சோறும் சோளக் கள்ளும் வைத்து, பத்துப் பேர் பார்க்க வெட்டச் சொல்ல வேண்டும். வெட்டுகிறவள் அந்தக் குழந்தைக்கு மத்ரீனா, அதாவது ஞானத்தாய் ஆகிவிடுவாள். பெற்றவளும் அவளும் அன்று முதல் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கூடப்பிறந்தவளிடம் கேட்கத் தயங்குவதைக்கூடக் கொமாத்ரேயிடம் கேட்கலாம். இதெல்லாம் நெல்வாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஒன்று இரண்டு வயதில் முடிந்துபோகிற காரியம் இது. ஒன்பது வயதுப் பெண் இன்னும் முதல் முடியோடு இருப்பாள் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கேட்கவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை லிஸ்பெத்தின் அம்மா காசில்டா மையத்துக்கு வந்தாள். குள்ளமான, வேகமான பெண். ஒரு கையில் கோழியும் கறுத்துக் காய்ந்த உருளைக்கிழங்குமாக மூடிய தட்டு. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நெல்வா பயந்தாள். காசில்டா தட்டை மேசையில் வைத்தாள். பாவாடைப் பையிலிருந்து வாழ்த்துக்குத் தூவுகிற வண்ணக் காகிதத் துணுக்கு ஒரு பிடி எடுத்து நெல்வாவின் தலையில் தூவினாள். மிச்சத்தை மகள் தலையில் தூவினாள்.

"இவ அப்பன் அர்ஜென்டினாவுக்குத் துணி தைக்கப் போனவன் போனவன்தான்," என்றாள். "முடி வெட்ட அவன் பேசி வச்ச ஆளும் வரல. நானும் இந்த வருஷம் அடுத்த வருஷம்னு தள்ளிக்கிட்டே வந்தேன். நல்ல ஆளா அமையணும்ல. பார்த்தா நீங்க, ஒரு கிளாஸ் கள்ளுகூட வாங்கிக் குடிக்காம, சுளுவா முடிச்சிட்டீங்க கொமாத்ரே."

கூடமே சிரித்தது. நெல்வாவும் சிரித்தாள். அய்யோ எனக்குத் தெரியாதே, மன்னியுங்கள், வேறு ஆளைப் பாருங்கள் என்று அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். காசில்டா வருத்தப்பட்டிருப்பாள், அவ்வளவுதான். நெல்வா சொல்லவில்லை. கொமாத்ரே என்ற சொல் அவளுக்குப் பிடித்திருந்தது. நாற்பத்தொரு வருஷத்தில் யாரும் அவளை அப்படி எதுவும் கூப்பிட்டதில்லை.

"முடி பத்திரமா இருக்கா?" என்று காசில்டா கேட்டாள். "வெட்டுனவங்க கையிலதான் இருக்கணும்."

"வீட்டுல இருக்கு," என்றாள் நெல்வா. "பெட்டியில வச்சிருக்கேன்."

லிஸ்பெத் அவளை நிமிர்ந்து பார்த்தாள். செய்தித்தாளில் சுற்றியதைப் பிள்ளை பார்த்திருந்தாள். தகர டப்பாவைப் பார்த்தாளா என்பது நெல்வாவுக்குத் தெரியவில்லை.

அந்த வருஷம் நன்றாகத்தான் போனது. லிஸ்பெத் பின்னக் கணக்கில் தேறினாள். சனிக்கிழமை மேடேறி வரும்போது தூரத்திலிருந்தே "மத்ரீனா" என்று ஒரு குரல் கேட்கும். நெல்வாவுக்குக் கால் வலி மறந்துபோகும். கடையில் வாடிக்கையாளர்களிடம் "எங்க பொண்ணு" என்று பேச ஆரம்பித்தாள். ஆத்துமாக்கள் திருநாளுக்குக் குழந்தை உருவத்தில் சுட்ட ரொட்டி வாங்கிக் கொடுத்தாள். கிறிஸ்துமஸுக்கு வண்ணப் பென்சில்.

வருஷம் பிறந்ததும் ஊர் காலியாக ஆரம்பித்தது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஸ்பெயினுக்குப் போக விசா வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் போய்விட வேண்டும் என்று தெருவுக்கு இரண்டு பெண்கள் கிளம்பினார்கள். விமான நிலைய வாசலில் கல்யாண வீடு மாதிரிக் கூட்டம், சாவு வீடு மாதிரி அழுகை.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை காசில்டா நேராகக் கண்ணாடிக் கடைக்கே வந்தாள். பக்கத்தில் லிஸ்பெத், துவைத்த வெள்ளைப் பள்ளி அங்கியில், தலை படிய வாரி, முதுகில் கோடு போட்ட போர்வையில் கட்டிய சின்ன மூட்டையோடு. காசில்டா அவளைக் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"வலென்சியாவுல ஒரு கிழவியைப் பார்த்துக்குற வேலை, கொமாத்ரே," என்றாள். "இருபத்தி நாலாம் தேதி ஏறுறேன். ரெண்டு வருஷம். இவ உங்க வீட்டுல இருக்கட்டும். தின்னுறது கொஞ்சம்தான். பாத்திரம் கழுவுவா, சொன்ன பேச்சு கேப்பா. பள்ளிக்கூடம் மட்டும் நிக்கக் கூடாது. மத்தவங்க கிட்ட விட்டா நிறுத்திடுவாங்க, எனக்குத் தெரியும். அதான் உங்க கிட்ட வந்தேன்."

நெல்வா வாசலில் நின்ற மூட்டையைப் பார்த்தாள். அது நாளைக்கு, அடுத்த வாரம் என்று பேச வந்த மூட்டை இல்லை, இன்றைக்கே விட்டுப்போக வந்தது.

"மையத்துல ஒரு விதி இருக்கு," என்றாள். வாய் தானாகச் சொன்னது. "பிள்ளைங்களை வீட்டுல தங்க வைக்கக் கூடாதுன்னு. கையெழுத்து வாங்கியிருக்காங்க. நான் கேட்டுப் பார்க்குறேன். வெள்ளிக்கிழமை வாங்க."

வாசலிலிருந்து லிஸ்பெத் கடையின் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள். நெல்வா கை காட்டினாள். பிள்ளையும் கை காட்டினாள்.

வீட்டுக்கு வந்து கணவன் ஹெர்மானிடம் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தான்.

"அந்தச் சின்ன ரூம்ல என் உடற்பயிற்சி சைக்கிள் இருக்கு," என்றான். "அதைக் கூடத்துல போட்டுக்கலாம். நீ சொல்றதுதான்."

அவன் வேண்டாம் என்று சொல்வான் என்று எதிர்பார்த்து வந்தவள் நெல்வா. அவன் சொல்லவில்லை. பழியை வைக்க வேறு ஆள் இல்லாமல் போனது. படுத்துக்கொண்டு அவள் யோசித்ததெல்லாம் இதுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்? வயசுக்கு வந்தால்? தாய் திரும்பி வராமலே போனால்? இந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் மாலை முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பதை ஒரு குழந்தை தினம் தினம் பார்த்தால்? சனிக்கிழமை இரண்டு மணி நேரம் நல்லவளாக இருப்பது அவளுக்கு எளிதாக இருந்தது. திங்கட்கிழமை காலையிலும் அப்படி இருக்க முடியுமா என்று பயந்தாள். அந்தப் பயம் உண்மை. அதைக் காசில்டாவிடம் அப்படியே சொல்லியிருந்தால் பாதி பாவம் போயிருக்கும்.

ஓல்காவிடம் அவள் கேட்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காசில்டா தனியாக வந்தாள்.

"கேட்டேன்," என்றாள் நெல்வா. "முடியாதுன்னுட்டாங்க."

 காசில்டா கடையில் வரிசையாக மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டங்களைப் பார்த்தாள்.

"மையம் முடியாதுன்னுச்சு, சரி," என்றாள். "மத்ரீனா என்ன சொல்றாங்க?"

"என் கையில என்ன இருக்கு, கொமாத்ரே."

"அவ முடி இருக்கு," என்றாள் காசில்டா. குரலில் கோபம்கூட இல்லை. "நல்லா இருங்க. வர்றேன்."

அந்தச் சனிக்கிழமை லிஸ்பெத் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. ஏப்ரல் பிறந்தது. ஓல்கா நெல்வாவுக்கு வேறொரு பிள்ளையைக் கொடுத்தாள், துறுதுறுவென்று பல் விழுந்த ஒரு பையன். நெல்வா அவனுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மே மாதக் கடைசியில் தாங்க முடியாமல் ஓல்காவிடம் கேட்டாள்.

"லிஸ்பெத்தா? அத்தைக்காரி ஃபெலீசா கிட்ட விட்டுட்டுப் போயிட்டாங்க. லா கான்ச்சா சந்தையில வேர்க்கடலைச் சூப்புக் கடை. பள்ளிக்கூடம் நின்னாச்சு." ஓல்கா பதிவேட்டை மூடினாள். "நீங்க எடுத்துக்குவீங்கன்னு நினைச்சேன். ரெண்டு பேர் இந்த வருஷம் எடுத்துக்கிட்டாங்க தெரியுமா?"

"விதி இருக்கே."

"அது பேப்பருல இருக்கு. தாய் ஒரு கடுதாசி, நான் ஒரு கையெழுத்து, முடிஞ்சுபோச்சு. நீங்க ஏன் கேக்கல?"

 நெல்வா மேட்டிலிருந்து இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு அவள் மேல் அவளுக்கு வந்த வெறுப்பை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. கண்ணாடியில் முகம் பார்க்காமல் படுத்தாள்.

மறுநாளே சந்தைக்குப் போனாள். லா கான்ச்சா சந்தையில் ஓர் ஆளைத் தேடுவது லேசான காரியமில்லை. உருளைக்கிழங்கு வரிசை, செருப்பு வரிசை, மந்திரிக்கிற சாமான் வரிசை எல்லாம் தாண்டி, சாப்பாட்டுக் கடைகளுக்குள் நுழைந்து, வேர்க்கடலைச் சூப்பு விற்கிற ஃபெலீசா யார் என்று ஒவ்வொரு கடையாகக் கேட்டுக்கொண்டு போனாள். ஃபெலீசா பெருத்த சரீரம், பெரிய அண்டா, அதைவிடப் பெரிய குரல். அண்டாவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து லிஸ்பெத் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் கண்ணாடி இல்லை. கிழங்கை மூக்கருகே வைத்து உரித்தாள். யாரோ மறுபடி வெட்டிவிட்ட முடி காதுக்கு மேல் குட்டையாக, கோணல்மாணலாக இருந்தது.

"லிஸ்பெத்," என்றாள் நெல்வா.

பிள்ளை குரல் வந்த பக்கம் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். யார் என்று தெரிந்துகொண்டாள். எழுந்திருக்கவில்லை.

"கண்ணாடி எங்கம்மா?"

"அண்டாவுல விழுந்துருச்சு."

"ஆரு?" என்று ஃபெலீசா திரும்பினாள். நெல்வாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "ஓகோ. சனிக்கிழமை மத்ரீனா. இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாச்சே, வழி தெரிஞ்சுதா?"

பெஞ்சில் சூப்பு குடித்துக்கொண்டிருந்த இரண்டு சுமைகூலிகள் சிரித்தார்கள்.

"நான் இவளைக் கூட்டிட்டுப் போறேன்," என்றாள் நெல்வா. சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது.  "பள்ளிக்கூடத்துல சேர்க்குறேன். எங்க வீட்டுல ரூம் இருக்கு."

"அப்ப அந்த ரூம் மார்ச்சுல எங்க போயிருந்துச்சு?" என்றாள் ஃபெலீசா. "எனக்கொண்ணும் இல்ல தாயீ. அவ கிட்டயே கேளு."

நெல்வா குனிந்து லிஸ்பெத்தைப் பார்த்தாள். லிஸ்பெத் கிழங்கைப் பார்த்துக்கொண்டே தலையை மட்டும் அசைத்தாள். வேண்டாம்.

"கிழங்கு மொத்த வியாபாரி ஒருத்தங்க இருக்காங்க, பெரிய வீடு," என்றாள் ஃபெலீசா. "அவங்க இவளை எடுத்துக்குறேங்குறாங்க. வீட்டோட இருப்பா, கூடமாட ஒத்தாசை பண்ணுவா. சாயங்காலப் பள்ளிக்கூடம்கூட அனுப்புவாங்களாம். ஆனா மத்ரீனான்னு முறை இருந்தாத்தான் ஊரு நாலு விதமா பேசாதுங்குறாங்க. முதல் முடி எடுத்தவ வேற ஆளாச்சே. அந்த முடியை வாங்கி அவங்க கையில கொடுத்தாத்தான் முறை மாறும். எங்க வழக்கம் அது. கொண்டாந்து கொடு."

கூடமாட ஒத்தாசை என்றால் என்னவென்று நெல்வாவுக்குத் தெரியும். பெரிய வீடுகளில் மத்ரீனா என்று கூப்பிட்டுக்கொண்டே விடியற்காலையிலிருந்து தரை துடைக்கிற பெண்களை அவள் பார்த்திருக்கிறாள். ஆனாலும் அங்கே ஒரு கட்டில் இருக்கும், ஒரு பள்ளிக்கூடம் இருக்கலாம். அதைக்கூடத் தடுத்துக்கொண்டு நடுவில் நிற்பது, என்றைக்கோ எரிந்துபோன ஒரு பின்னல்.

"அந்த முடி..." என்று ஆரம்பித்தாள். எரிந்துவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"முடியைக் கொண்டாந்து கொடுங்க, செனோரா," என்றாள் லிஸ்பெத். "போதும்."

செனோரா. கடைக்கு வருகிற பெண்கள் எல்லோரும் செனோராதான், வெறும் அம்மணி.

நெல்வா சாப்பாட்டு வரிசையிலிருந்து வெளியே வந்தாள். சந்தையின் அந்தக் கோடியில் பாவாடை கட்டி நீளப் பின்னல் போடும் பெண்களுக்குச் சவுரி விற்கிற கடைகள் உண்டு. கறுப்புப் பின்னல்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அவள் அங்கேதான் போய் நின்றாள். கால்கள் வேறு எங்கும் போகவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையின் முடி எவ்வளவு கனம் இருக்கும் என்று கையில் எடுத்து எடுத்துப் பார்த்தாள். மெல்லியதாக ஒன்றைப் பொறுக்கினாள். நுனியில் கட்டக் கம்பளி நூலும் கேட்டாள்.

"என்ன கலரு?" என்றாள் கடைக்காரி.

நெல்வா யோசித்தாள். சனிக்கிழமை தோறும் அந்தத் தலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், அந்தப் பின்னலைத் தன் கையாலேயே கத்தரித்தவள்.

"சிவப்பு," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை வெள்ளைத் துணியில் மடித்து எடுத்துக்கொண்டு போனாள். கூடவே புதிதாகத் தேய்த்த கண்ணாடியும். மத்தியானக் கூட்டம் இன்னும் வரவில்லை. ஃபெலீசா அண்டாவில் அரைத்த வேர்க்கடலையைக் கரைத்துக்கொண்டிருந்தாள். நெல்வா துணியை நீட்ட, லிஸ்பெத் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். புதுக் கண்ணாடியைத் தொடவில்லை. பின்னலைக் கண்ணருகே கொண்டுபோனாள். விரலால் தடவினாள். முகர்ந்தாள். அதில் அந்துருண்டை வாசனை அடித்தது. நெல்வாவுக்கே அடித்தது.

"என்னோடதுல பச்சை நூல்," என்றாள் லிஸ்பெத், நெல்வாவுக்கு மட்டும் கேட்கும்படி. "அன்னைக்குக் காலையில எங்கம்மா கட்டிவிட்டது."

 நெல்வா இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று பார்த்தாள். கையிலிருந்த கண்ணாடியை மேசையில் வைத்தாள்.

"என்னடி அங்க குசுகுசுன்னு?" என்று ஃபெலீசா கரண்டியோடு திரும்பினாள். "சரியாப் பாத்துக்க. உன்னோடதுதானே?"

லிஸ்பெத் நெல்வாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபத்தைத் தேடினாள் நெல்வா, கிடைக்கவில்லை. பரீட்சைத் தாளில் தவறான விடையைப் பார்த்து, இனிமேல் அழித்து எழுத நேரமில்லை என்று தெரிந்துகொண்ட பிள்ளை பார்ப்பது மாதிரி இருந்தது.

"ஆமா அத்தை," என்றாள். "என்னோடதுதான்."

துணியோடு சுருட்டி அத்தையிடம் கொடுத்தாள். பிறகு ஈரத் துணியால் நெல்வாவுக்கு முன்னால் இருந்த மேசையைத் துடைத்தாள். கண்ணாடியை எடுத்து ஓரமாக நகர்த்திவிட்டு அந்த இடத்தையும் துடைத்தாள்.

"செனோராவுக்கு ஒரு கிண்ணம் ஊத்தட்டுமா?"

நெல்வா தலையாட்டினாள். கிண்ணம் வந்தது. அவள் உட்கார்ந்து அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தாள்.